வாக்களிப்பை வகுப்பறையிலேயே பழக்குவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல், அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சி மன்றத் தேர்தல் என எட்டு மாதங்களுக்குள் மூன்று முறை நாம் வாக்களிப்பு நிலையத்துக்குப் போய் வந்தோம். மூன்று முறையும் வாக்குச்சீட்டில் அடையாளமிட வேண்டிய விதம் வேறாக இருந்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு மட்டும் புள்ளடி (X) இடலாம், அல்லது 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் இலக்கமிடலாம். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி இட்டு, அதன் பின்னர் அதே பட்டியலில் உள்ள வேட்பாளர்களில் மூவர் வரை அவர்களுடைய விருப்பிலக்கங்களின் மேல் புள்ளடி இட வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலிலோ விருப்பு வாக்கே கிடையாது. ஒரேயொரு புள்ளடியுடன் வேலை முடிந்துவிடும். இந்த வேறுபாடுகளைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கும் முதல் தடவை வாக்களிக்கும் இளைஞர்களுக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் கட்சிக்காரர்களே சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதான் விடை வரும்.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஏறத்தாழ 3 இலட்சம். ஜனாதிபதித் தேர்தலைவிடக் குறைவானோர் வாக்களித்த பாராளுமன்றத் தேர்தலில் அத்தொகை 6 இலட்சத்து 67 ஆயிரத்தைத் தாண்டியது. இவற்றை அளித்தோரில், எந்த வேட்பாளர் மீதும் விருப்பமின்றி வேண்டுமென்றே சீட்டைப் பாழாக்கியவர்களும் இருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாத இடைவெளியில் இத்தொகை இருமடங்காவதற்கு வெறுப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. கட்சிக்குப் புள்ளடி இடாமல் விருப்பிலக்கத்தில் மட்டும் புள்ளடி இட்டால் அந்த வாக்கு செல்லாது. இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி இட்டாலும் செல்லாது. காலையில் எழுந்து, பிள்ளைகளைக் கவனித்துவிட்டு, மலையேறி இறங்கி வந்து, வரிசையில் நின்று ஒரு தாய் அளித்த வாக்கு எண்ணும் மேசையில் தனியாக ஒதுக்கி வைக்கப்படுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

தேர்தல் கடமையில் ஈடுபட்ட ஆசிரியர் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது இதுதான்: வாக்களிப்பு என்பது பதினெட்டு வயதில் வாக்களிப்பு நிலைய வாசலில் நின்று கற்றுக்கொள்ளும் காரியமன்று. அது பத்து வயதில் வகுப்பறையில் தொடங்க வேண்டும். அதுவும் கையால் செய்து பார்த்துப் பழக வேண்டும். பாடசாலைகளில் குடியுரிமைக் கல்வி இருக்கிறது, மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கின்றன. ஆனால் ஜனநாயகம் என்றால் என்ன, சர்வசன வாக்குரிமை என்றால் என்ன என்று வரைவிலக்கணத்தை மனனம் செய்து பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு வரும் பிள்ளைக்கு, வெற்று வாக்குப் பெட்டியை ஏன் எல்லோருக்கும் திறந்து காட்டுகிறார்கள் என்பது தெரிவதில்லை. தேர்தலின் ஒவ்வொரு சிறு சடங்குக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைச் சொல்லிக்கொடுப்பதே தேர்தலைச் சொல்லிக்கொடுப்பதாகும்.

முதலில் வாக்காளர் இடாப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலான விளக்கங்கள் வேட்பாளரிலிருந்தோ சின்னத்திலிருந்தோ தொடங்குகின்றன. மலையகப் பிள்ளைக்கு அது பொருந்தாது. பெயர் இடாப்பில் இருந்தால்தான் வாக்கு என்பதை நம்மைப் போல் விலை கொடுத்துத் தெரிந்துகொண்ட சமூகம் இந்நாட்டில் வேறில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. பிரித்தானியாவிலேயே ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்து அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆயினும் தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்த உரிமை வதிவிடம் தொடர்பான நிபந்தனைகளோடுதான் வந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும், நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கமும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வாறு பாராளுமன்றம் சென்றவர்கள். தேயிலைச் செடிகளுக்கிடையில் வாழ்ந்தோரின் துயரைப் பாடிய ஒரு கவிஞர் அதே மக்களின் வாக்கால் பாராளுமன்றம் சென்றார் என்பது நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் கீழ், இந்திய வம்சாவளியினரான தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பிரஜைகளாக ஏற்கப்படவில்லை. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜைகள் அல்லாதோரின் பெயர்கள் இடாப்பில் இடம்பெற முடியாமல் போயிற்று. எவரும் வாக்களிப்பு நிலையத்தை உடைக்கவில்லை, பெட்டியைத் தூக்கிச் செல்லவில்லை. இடாப்பில் பெயர் இல்லாமல் போனது, அவ்வளவே. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் நடைபெற்றபோது இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் வாக்கற்றவர்களாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது 1977இல் தான். நாடற்ற நிலையை முற்றாகத் தீர்ப்பதற்கு 1988இலும் 2003இலும் தனித்தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. தம் பாட்டனின் பெயர் ஏன் இடாப்பில் இருக்கவில்லை என்று ஒரு பிள்ளை வீட்டில் கேட்டால், அன்றிரவு அந்த வீட்டில் எந்தப் பாடநூலும் தராத வரலாற்றுப் பாடம் நடக்கும்.

வரலாற்றோடு நிறுத்திவிடாமல் இடாப்பு இன்று எப்படித் தயாராகிறது என்பதையும் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். இடாப்பு ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் வழியாக வீட்டு விபரங்கள் பெறப்படுகின்றன. பெயர் விடுபட்டிருந்தால் கோரிக்கை விடுக்கலாம், தகுதியற்றவர் பெயர் இருந்தால் ஆட்சேபிக்கலாம். வீட்டிலுள்ள பெரியவர்களின் பெயர்கள் எழுத்துப் பிழையின்றி இருக்கின்றனவா என்று பார்த்து வரும்படி ஒன்பதாம் தர மாணவருக்கு வீட்டுப்பாடம் கொடுக்கலாமே! பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தில் தேங்குவதும், உத்தியோகபூர்வ வாக்காளர் அட்டை கைக்கு வராததால் தமக்கு வாக்கில்லை என்று எண்ணிச் சிலர் வீட்டிலேயே இருந்துவிடுவதும் நாம் அறிந்தவையே. அட்டை வராவிட்டாலும் இடாப்பில் பெயரும் கையில் தேசிய அடையாள அட்டை போன்ற ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆவணமும் இருந்தால் வாக்களிக்கலாம் என்ற ஒரு செய்தியை மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனால், அதுவே பெரும் பயன்.

இனி இரகசியத்துக்கு வருகிறேன். தேர்தலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரேயொரு செய்தியை மட்டும் சொல்ல எனக்கு அனுமதி இருந்தால், இதைத்தான் சொல்வேன். தோட்ட வாழ்க்கையில் பெரும்பாலானவை கூட்டாகவே நடக்கின்றன. திருவிழாவும் சாவு வீடும் வேலைநிறுத்தமும் கூட்டாகத் தீர்மானிக்கப்படுபவை. அந்த ஒற்றுமையால்தான் சம்பளமும் உரிமைகளும் ஓரளவேனும் கிடைத்தன. ஆகவே, தொழிற்சங்கம் சொல்லும் சின்னத்துக்கு வாக்களிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அது அவருடைய தெரிவாக இருக்கும்வரை அதில் தவறில்லை. ஆனால் “யாருக்குப் போட்டாய் என்று பிறகு கண்டுபிடித்துவிடுவார்கள்” என்ற அச்சத்தில் வாக்களிப்பவர் தெரிவு செய்தவராக மாட்டார். மறைப்புக்குப் பின்னால் இட்ட புள்ளடியைக் கணவனோ மனைவியோ, தலைவரோ துரையோ, வாக்களிப்பு நிலையத்தில் இருக்கும் அலுவலரோ அறிய முடியாது என்பதைப் பிள்ளை ஐயமின்றி நம்ப வேண்டும்.

இரகசியம் உரிமையாக இருப்பதோடு காப்பாகவும் இருக்கிறது. வாக்களிப்பு நிலையத்துக்குள் கைத்தொலைபேசியைப் பயன்படுத்தவோ படம் எடுக்கவோ அனுமதிப்பதில்லை. ஏன் என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சத்தம் கேட்கும் என்பார்கள். உண்மைக் காரணம் அதைவிட ஆழமானது: தான் யாருக்கு வாக்களித்தேன் என்பதற்கான சான்று எதையும் ஒருவர் வெளியே கொண்டுவரக் கூடாது. சான்று கொண்டுவர முடியுமென்றால், கூரைத் தகடோ அரிசி மூட்டையோ கொடுத்தவர் அதைக் காட்டும்படி கேட்பார், மிரட்டியவரும் கேட்பார். நிரூபிக்கவே வழியில்லை என்றால், பொருளைக் கொடுத்து வாக்கை வாங்குபவருக்கு வாங்கியது கிடைத்ததா என்பது ஒருபோதும் தெரியாது. இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மிக எளிதாக விளங்கிக்கொள்ளும். செய்து காட்டுவதும் எளிது. வகுப்புத் தலைவரைத் தெரிவு செய்ய முதலில் கைகளை உயர்த்தச் சொல்லுங்கள். பிள்ளைகள் தம் கையை உயர்த்துவதற்கு முன் நண்பனின் கையையும் ஆசிரியரின் முகத்தையும் பார்ப்பதைக் கவனியுங்கள். பின்னர் அதே வேட்பாளர்களுக்கு மறைவாகச் சீட்டில் புள்ளடி இடச் சொல்லுங்கள். முடிவு மாறினாலும் மாறாவிட்டாலும், இரண்டாவது முறை எவரும் எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை என்பதை வகுப்பே உணரும்.

வாக்களிப்பு நாளின் மற்ற ஒழுங்குகளையும் இவ்வாறே காரணத்தோடு சொல்லலாம். தொடங்குவதற்கு முன் தலைமை அலுவலர் வெற்றுப் பெட்டியைக் கட்சிகளின் முகவர்களுக்குக் காட்டி முத்திரையிடுகிறார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே தாய்மார் கொழுந்தை வைப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெயர் உரத்து வாசிக்கப்படுவது, வேறொருவர் அந்தப் பெயரில் வந்திருந்தால் முகவர்கள் ஆட்சேபிப்பதற்காக. விரலில் மை பூசுவது, ஒருவர் இரண்டாம் முறை வராதிருப்பதற்காக. செப்டெம்பரில் இடது சின்னி விரலில் பூசிய மை முற்றாக அழிந்திராது என்பதால் நவம்பரில் இடது ஆள்காட்டி விரலில் பூசினார்கள் என்று சொன்னால், பிள்ளைகள் அதை வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

எண்ணிக்கையும் ஆசனப் பங்கீடும்தான் கடினமான பகுதி. பெரியவர்களிலும் பலர் இதை அறியார். பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகிய தொகுதிகளைக் கொண்ட நுவரெலியா மாவட்டத்துக்கு 2024இல் எட்டு ஆசனங்கள். இதைக் கணித பாடத்திலேயே செய்து பார்க்கலாம். செல்லுபடியான வாக்குகள் 70,000 என்றும், மூன்று கட்சிகள் முறையே 32,000, 25,000, 13,000 வாக்குகள் பெற்றன என்றும் வைத்துக்கொள்வோம். எட்டு ஆசனங்களில் ஒன்று முதலிடம் பெற்ற கட்சிக்கு மேலதிகமாகப் போய்விடும். மீதி ஏழால் 70,000ஐ வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 10,000 வாக்கு. அதன்படி முதற்கட்சிக்கு மூன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. ஆறு ஆசனங்கள் முடிந்தன. எஞ்சிய ஒன்று, மிச்ச வாக்குகள் அதிகமுள்ள இரண்டாவது கட்சிக்கு. ஆக முடிவு 4, 3, 1. மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளின் வாக்குகள் இந்தக் கணக்கு தொடங்கும் முன்பே கழிக்கப்பட்டுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்சிக்குக் கிடைத்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்குகள் தீர்மானிக்கின்றன. இந்தக் கணக்கைச் செய்த மாணவர், சிறுபான்மை வாக்குகள் பல பட்டியல்களில் சிதறும்போது என்ன நடக்கிறது என்பதைத் தாமே கண்டுகொள்வார். அதை நாம் பிரசாரமாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜனாதிபதித் தேர்தலில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி வேறு: நூற்றுக்கு 42 வாக்குப் பெற்றவர் எப்படி ஜனாதிபதி ஆனார்? 2024இல் எவரும் பாதிக்கு மேல் பெறாததால், முதல் இருவரைத் தவிர ஏனையோர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தோரின் சீட்டுகளில் இந்த இருவருக்கு இடப்பட்டிருந்த விருப்பங்கள் எண்ணிச் சேர்க்கப்பட்டன. இலங்கையில் அவ்வாறு எண்ண நேர்ந்தது அதுவே முதல் தடவை. அநுர குமார திசாநாயக்கவின் வாக்குகள் 56,34,915இலிருந்து 57,40,179 ஆயின. இலட்சக்கணக்கான சீட்டுகளில் இரண்டாம் விருப்பமே இடப்பட்டிருக்கவில்லை என்பதால்தான் கூடிய தொகை இவ்வளவு சிறிது. இலக்கமிடலாம் என்பதை அறிந்தும் இடாதவர் எத்தனை பேர், அறியாமல் விட்டவர் எத்தனை பேர் என்பதை எந்தப் பெறுபேறும் சொல்லாது.

வாக்களித்த பின் என்ன வரும் என்ற கேள்வியையும் தவிர்க்கக் கூடாது. எதிர்பார்ப்பைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றுவதைவிட, எந்தச் சபைக்கு எந்த அதிகாரம் என்பதைச் சொல்வதே நேர்மை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நீண்ட காலம் இருந்தது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். அச்சபையோ அவர்களுடைய லயத்துப் பாதையில் கைவைக்கத் தயங்கியது. 2018இல் தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவற்றுக்குத் தனிச் சபைகள் கிடைத்தன. அரசாங்கம் நினைத்தால் தேர்தலை நடத்தாமலும் விட முடியும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று மாகாண சபை. மத்திய மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018இல் முடிந்த பின்னர், பல ஆண்டுகளாக மக்களால் தெரிவு செய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. மாகாணப் பாடசாலையொன்றில் படிக்கும் பிள்ளை, தன் பாடசாலையை நிர்வகிக்க வேண்டிய சபை ஏன் வெறுமையாகக் கிடந்தது என்று கேட்க உரிமையுடையது.

இதையெல்லாம் கற்பித்தால் வகுப்பறைக்குள் அரசியல் வந்துவிடும் என்று அஞ்சும் அதிபர்கள் உண்டு. அவர்களின் அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. கட்சிச் சின்னம் பொறித்த மாதிரிச் சீட்டு வகுப்பறைக்குள் நுழையக் கூடாது. ஆசிரியர் தம் விருப்பத்தைக் குறிப்பாகவும் காட்டக் கூடாது. பழங்களையோ பறவைகளையோ சின்னங்களாக வைத்து, கற்பனைக் கட்சிகளோடு மூன்று வகைச் சீட்டுகளையும் அச்சிட்டுப் பழகினால் இந்த அச்சத்துக்கு இடமே இல்லை. தோற்ற வேட்பாளரான மாணவர் எழுந்து முடிவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்வதும், வென்றவர் தமக்கு வாக்களிக்காதோருக்கும் தாமே பிரதிநிதி என்று சொல்வதும் அந்தப் பயிற்சியின் பகுதியாக இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் வேட்பாளராக நிற்பதையும் வலியுறுத்த வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 பங்கு பெண்களுக்கென்று சட்டம் சொல்லியும், தோட்டத்தில் வேலை செய்வோரில் பெரும்பகுதியினரான பெண்கள் மேடையில் பின்வரிசையில்தான் அமர்த்தப்படுகிறார்கள்.

ஆகவே தங்களிடம் என் முதல் கோரிக்கை: தங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் சில வாரங்களுக்கு இடம் ஒதுக்கி, இடாப்பு, இரகசியம், எண்ணிக்கை, ஆசனப் பங்கீடு என்று ஒவ்வொன்றாகப் படத்துடன் வெளியிடுங்கள், வெட்டியெடுத்து வகுப்பில் பயன்படுத்தக்கூடிய மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றும் அதில் இருக்கட்டும். தேர்தல்கள் ஆணைக்குழுவும் கல்வி வலயங்களும் மலையகப் பாடசாலைகளுக்குத் தமிழில் அத்தகைய சீட்டுகளையும், பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட பெட்டிகளையும் வழங்க முன்வர வேண்டும். மாணவர் பாராளுமன்றத் தேர்தலை ஆசிரியரின் நியமனமாகவோ கை உயர்த்தலாகவோ நடத்தும் பாடசாலைகள், அடுத்த முறை இடாப்பு, மறைப்பு, முகவர், பகிரங்க எண்ணிக்கை ஆகிய நான்கோடும் நடத்தட்டும். மாணவர்களுக்குச் சீட்டில் அடையாளமிடப் பழக்கிய பின்னர், ஒரு சனிக்கிழமை அவர்களுடைய பெற்றோரையும் பாட்டிமாரையும் அழைத்து, பிள்ளைகளைக் கொண்டே அவர்களுக்கும் பழக்கலாம்; அதற்கு ஆகும் செலவு சில கட்டுக் காகிதங்கள் மட்டுமே.

இங்ஙனம்,
ஓர் ஆசிரியர்,
அட்டன்.